குளத்தோரக் கல்வாழை: செடி அருமை, தொட்டியில் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்

கொளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சின்ன சிமெண்ட் குளம் இருக்கிறது. அதன் ஓரத்தில் வைக்க 2023 ஆடியில் மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் மஞ்சள் கல்வாழை மூன்று தொட்டி வாங்கினேன், ஒன்று 80 ரூபாய். தண்ணீரில் வைத்தால் அழுகாதா என்று கேட்டதற்கு அங்கிருந்த அக்கா, "சாக்கடை ஓரத்துலயே வளருது தம்பி, உங்க குளத்துல வளராதா?" என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் ஒன்றை அவர் சொல்லவில்லை. தொட்டியில் இருந்தது மண்ணே இல்லை, முழுக்கத் தேங்காய்நார்த் தூள். அப்படியே குளத்தில் இறக்கினேன், தூள் மொத்தமும் மேலே மிதந்து, மறுநாள் காலை தண்ணீர் டிகாஷன் நிறத்தில் நின்றது, கப்பி மீன்கள் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, கிழங்கைக் கழுவி, அகலமான பிளாஸ்டிக் பேசினில் களிமண் போட்டு நட்டேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பொடி ஜல்லி, கிழங்குக்கு மேல் மூன்று அங்குலம் தண்ணீர், அவ்வளவுதான். எரு மட்டும் போட்டுவிடாதீர்கள், தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் தீனி.

அதன்பிறகு இந்தச் செடி என்னை ஏமாற்றியதே இல்லை. நல்ல வெயில் வேண்டும், நிழலில் வெறும் இலைதான். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்டையெல்லாம் முறித்துப் போட்டது, போய்விட்டது என்றே நினைத்தேன், பொங்கலுக்குள் கிழங்கிலிருந்து கூம்பு கூம்பாக முளை வந்துவிட்டது! கோடையில் போர் தண்ணீரின் உப்புக்கு இலை ஓரம் கொஞ்சம் கருகும், மழை விழுந்தால் புது இலை பளிச்சென்று வரும்.

தொல்லை என்றால் இலைச்சுருட்டுப் புழுதான். சுருண்ட இலையை மெதுவாகப் பிரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி வெளிர்பச்சையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையாலேயே எடுத்துவிடுங்கள், மருந்து அடித்தால் மீன் செத்துவிடும். அப்புறம், பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அதை அடியோடு வெட்டினால்தான் பக்கத்து முளை வேகம் எடுக்கும்.

நிறம் முக்கியம் என்றால் பூவோடு இருக்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் என்று நான் வாங்கிய மூன்றில் ஒன்று சிவப்பாகப் பூத்தது, முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது தேன்சிட்டு காலையில் முதலில் வந்து உட்காருவது அதில்தான்.