வினையா, மாடிஃபையரா: முதலில் எதைப் பிடிப்பது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீடு. ஞாயிறு பிற்பகல் அவள் மகளுக்கு எஸ்ஏடி, அதாவது அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு, அதன் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், அது வாராவாரம் ஒரே சண்டையில் முடிகிறது. ஒரு வாக்கியம், நான்கு விடைகள். வினை எழுவாயோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்ப்பதா, இல்லை வாக்கியத்தின் முன்னால் தொங்குகிற மாடிஃபையர், அதாவது ஒரு பெயரை விவரிக்கும் தொடர், யாரைச் சொல்கிறது என்று பார்ப்பதா? அவள் வினைக் கட்சி. மேலாண்மைப் படிப்புக்கான பழைய ஜிமேட் தேர்வு எழுதிய காலத்தில் நானும் அதே கட்சிதான், அடி வாங்கிய பிறகுதான் மாறினேன்.

இங்கே மலேசியாவில் பிள்ளைகளுக்கு இந்த வகைக் கேள்வியே கொஞ்சம் புதிது. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எழுதும் முயெட் ஆங்கிலத் தேர்வில் கேட்க, பேச, படிக்க, எழுதச் சொல்வார்கள். கோடிட்ட இடத்துக்கு நான்கு விடை கொடுத்து இலக்கணத்தை மட்டும் தனியாக உரசிப் பார்ப்பது கிடையாது. எஸ்ஏடியில் அது உண்டு. 32 நிமிடத்தில் 27 கேள்வி, அப்படி இரண்டு சுற்று. வாசிப்புக் கேள்விகளும் அதற்குள்தான் என்பதால் இலக்கணக் கேள்வியில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு நொடியும் காசு.

சரி, வினைக் கட்சியின் வாதத்தைப் பார்ப்போம். ‘தி ரோ ஆஃப் ஃப்ளவர் ஸ்டால்ஸ் அலாங் ஜாலான் துன் சம்பந்தன் ஆர் க்ரௌடட்’ என்று எழுதிக் கொடுத்தேன். “சரியாத்தானே மாமா இருக்கு?” என்றாள். காதுக்குச் சரிதான், ஸ்டால்ஸ் பன்மை, ஆர் பன்மை. ஆனால் எழுவாய் ரோ, அது ஒருமை, அதனால் இஸ். இதில் தமிழ்ப் பிள்ளைகள் இவ்வளவு வழுக்கி விழுவதற்கு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தமிழில் ‘பூக்கடைகளின் வரிசை’ என்போம், தலையான சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது முதலில் வந்துவிடுகிறது, நாமோ பழக்கத்தில் கடைசிப் பெயரைத் தலையாக எடுத்துக்கொள்கிறோம். மலாயில் ‘டெரெத்தான் கெடாய்’, அதாவது ‘வரிசை கடை’, ஆங்கிலம் மாதிரியே தலை முன்னால். எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வு வரை மலாயில் படித்தவளுக்கு இது கைகொடுக்க வேண்டும், ஆனால் மலாயில் எழுவாய் ஒருமையானாலும் பன்மையானாலும் வினை மாறாதே, அதனால் தலையைக் கண்டுபிடித்தாலும் அப்புறம் என்ன செய்வது என்று பழக்கம் இல்லை. தமிழ் மட்டும் யோக்கியமா? ‘மாடுகள் வந்தன’ என்று எழுதிவிட்டு வாசலில் நின்று ‘மாடெல்லாம் வந்துச்சு’ என்று கூப்பிடுகிற கூட்டம் நாம்.

வினைக்கு இன்னொரு சங்கடம், விதிகள் நிறைய. ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ வந்தால் பின்னால் இருப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ‘அண்ட்’ வந்தால் சேர்க்க வேண்டும். ‘ஐதர்... ஆர்’ (இதுவோ அதுவோ என்கிற ஆர்) வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பவர் பேச்சுதான் எடுபடும். ‘தி நம்பர் ஆஃப்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப்’ பன்மை. இதற்கு வேறு வழியில்லை, மனப்பாடம்தான். ஆனால் ஒரு பெரிய சலுகை: விடைகளைப் பார்த்த மாத்திரத்தில் கேள்வி எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். ஆர், வேர், ஹேவ் பீன், இஸ் என்று நான்கு இருந்தால் மூன்று பன்மை, ஒன்று மட்டும் ஒருமை. பெரும்பாலும் அந்த ஒற்றை ஆள்தான் விடை, ஆனாலும் எழுவாயை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் குறிப்பது நல்லது.

மாடிஃபையரில் விதி ஒன்றுதான் என்று சொல்லலாம். முன்னால் ஒரு தொடர் தொங்கினால் கமாவுக்கு அடுத்து வரும் பெயர் அதற்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். ‘வாக்கிங் டௌன் ஜாலான் துன் சம்பந்தன், தி ஸ்மெல் ஆஃப் ஜாஸ்மின் ரீச்ட் மீ.’ இதில் நடந்து வந்தது மல்லிகை வாசனை. அவளுக்கு இதில் தப்பே தெரியவில்லை, காரணம் மனத்துக்குள் ‘நடந்து வரும்போது மல்லிகை வாசனை வந்தது’ என்று தமிழாக்கிக்கொண்டாள். தமிழில் அது சுத்தமான வாக்கியம். ‘-போது’ போட்டால் நடந்தவர் ஒருவர், வந்தது வேறொன்று என்று இருக்கலாம். ஆங்கில ‘-இங்’ அவ்வளவு தாராளம் கிடையாது, நம்முடைய ‘-படி’ மாதிரி. ‘சாலையில் நடந்தபடி மல்லிகை வாசனை வந்தது’ என்று சொல்லிப் பார், சிரிப்பு வருகிறதா? அங்கேதான் தப்பு. செய்து என்கிற எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், அதற்குப் பயந்துதான் ‘-படி’யை எடுத்துக்கொண்டேன்.

‘ஃபினிஷ்ட்’, ‘டாப்ட்’ போன்றவை முன்னால் தொங்கினால் அதைப் பெயரெச்சமாக்கிக் கமாவுக்குப் பின்னால் உள்ள பெயரோடு ஒட்டிப் பாருங்கள். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை வைத்து நானே ஒரு கேள்வி செய்தேன், எஸ்ஏடியில் இப்படி இரண்டையும் சேர்த்துக் கேட்பது குறைவு, பழைய ஜிமேட்டின் குணம் இது. ‘ஃபினிஷ்ட் இன் 1897 அண்ட் டாப்ட் வித் காப்பர் டோம்ஸ்,’ என்று வாக்கியம் தொடங்குகிறது. விடைகள்:

அ) விசிட்டர்ஸ் ஸ்டில் அட்மயர் தி பில்டிங்
ஆ) போட்டோக்ராஃப்ஸ் ஆஃப் தி பில்டிங் ஆர் சோல்ட் நியர்பை
இ) தி பில்டிங், அலாங் வித் இட்ஸ் ஆர்ச்சஸ், ஸ்டில் ட்ராஸ் விசிட்டர்ஸ்
ஈ) தி பில்டிங், அலாங் வித் இட்ஸ் ஆர்ச்சஸ், ஸ்டில் ட்ரா விசிட்டர்ஸ்

அவள் வழக்கம்போல் வினையிலிருந்து ஆரம்பித்தாள். அ சரி, ஆ சரி, இ சரி, ஈ மட்டும் தப்பு. இவ்வளவு படித்து ஒன்றைத்தான் தள்ள முடிந்தது. இப்போது மாடிஃபையரை ஒட்டிப் பாருங்கள்: 1897இல் கட்டி முடிக்கப்பட்ட பார்வையாளர்கள், செப்புக் குவிமாடம் வைத்த புகைப்படங்கள். இரண்டு விடைகளை முதல் சொல்லிலேயே தூக்கிப் போட்டாயிற்று, மிச்சமுள்ள இ, ஈ இரண்டுக்கு மட்டும் வினைப் பஞ்சாயத்து. அலாங் வித் எண்ணிக்கையில் சேராது, ஆகவே ட்ராஸ், விடை இ.

வேகம் மட்டும் காரணமில்லை. யார் எழுவாய் என்று முடிவாகாமல் வினையைச் சரிபார்ப்பதில் அர்த்தம் இல்லை, முன்னால் தொங்கும் தொடர்தான் எழுவாயை முடிவு செய்கிறது. நான் ஜிமேட்டில் கோட்டைவிட்டது இதில்தான்: வினை பொருந்துகிறது என்று ஒரு நீளமான விடையைக் குறித்துவிட்டு, வெளியே வந்து ரயில் ஏறியபோதுதான் அந்த வாக்கியத்தில் ஒரு கம்பெனி பட்டம் வாங்கியிருந்தது உறைத்தது.

எஸ்ஏடிக்கு மட்டும் படிப்பவர்கள் கட்சி சேரவே வேண்டாம், விடைகளே சொல்லிவிடும். நான்கும் ஒரே வினையின் உருவங்கள் என்றால் வினை, நான்கும் வெவ்வேறு பெயரில் தொடங்கும் முழு வாக்கியங்கள் என்றால் மாடிஃபையர். ஜிமேட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சண்டையே இப்போது இல்லை, 2024 தொடக்கத்தில் பழைய வடிவத்தை நிறுத்தியதோடு வாக்கியத்தைத் திருத்தச் சொல்லும் சென்டன்ஸ் கரெக்ஷன் கேள்விகளும் போய்விட்டன. பழைய ஜிமேட் புத்தகம் மலிவாகக் கிடைத்தால் பயிற்சிக்கு வாங்கலாம், ஆனால் ஐந்து விடை, அதில் முதலாவது எப்போதும் மூல வாக்கியமேதான், அந்தப் பழக்கத்தை எஸ்ஏடிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

ஒன்றில் மட்டும் மருமகளிடம் தோற்றேன். ‘தேர் இஸ்’, ‘தேர் ஆர்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில் முன்னால் எதுவும் தொங்குவதில்லை, எழுவாய் வினைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. “இதுல உங்க ‘-படி’யை எங்க மாமா ஒட்டுவீங்க?” என்றாள். ஒட்ட முடியாதும்மா, இதில் உன் கட்சிதான் என்று சொல்லிவிட்டுத் தே தாரேக் வாங்கக் கீழே இறங்கினேன்.