லே ரிட்டா மிட்சுக்கோ: பல வருடம் கேட்ட பிறகு எது நிற்கிறது, எது வெளுக்கிறது

இந்த பிரெஞ்சு இணையைப் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் 2001இல் வந்த ‘பெஸ்டோவ்’ தொகுப்பைத்தான் எடுக்கிறார்கள். தயவுசெய்து அங்கே ஆரம்பிக்காதீர்கள். 1984இன் பாட்டு முடிந்ததும் 2000இன் பாட்டு வரும். தயாரிப்பாளர் மாறியிருப்பார், ஒலி மாறியிருக்கும். வேடிக்கையான உடை போட்ட எண்பதுகளின் பாப் கோஷ்டி என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். அந்த நினைப்புதான் தப்பு. பாட்டின் முகம் சிரிக்கும், உள்ளே இருப்பது வேறு. அது பிடிபட ஆல்பம் ஆல்பமாகத்தான் கேட்க வேண்டும்.

காத்தரின் ரிங்கர் பாடுவார். ஃப்ரெட் ஷிஷானிடம் கிதார், பேஸ், ரிதம் பெட்டி, பதிவு வேலை எல்லாம். 1979இல் பாரிஸில் ஒரு ராக் இசை நாடகத்தில் சந்தித்தவர்கள். மேடையில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் இணை. மிட்சுக்கோ என்பது கெர்லான் நிறுவனத்தின் வாசனைத் திரவியத்தின் பெயர். ரிட்டா மிட்சுக்கோ என்பது பாடகியின் பெயர் என்று ஊரே நினைத்துக்கொண்டதால் பிறகு முன்னால், பிரெஞ்சில் பன்மையைக் காட்டும் ‘லே’ சேர்த்தார்கள். முதல் ஆல்பத்தின் பெயரில் அந்த ‘லே’ இல்லை. தேடும்போது கவனம்.

ஆரம்பிக்க வேண்டியது 1986இன் ‘த நோ கோம்ப்ரெண்டோ’. தயாரிப்பு டோனி விஸ்கான்டி, பாடகர் டேவிட் போவியோடும் டி. ரெக்ஸ் ராக் குழுவோடும் வேலை செய்தவர். மொத்தம் 10 பாட்டு. ‘லே இஸ்துவார் தா’, ‘ஆண்டி’, ‘செ கோம் சா’ என்று மூன்று வெற்றிப் பாட்டுகளும் முதல் பாதியிலேயே வந்துவிடுவதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சில வாரம் அந்த மூன்றையும் தள்ளி வைத்து, ‘ஆன் ஸ்வார் ஆன் ஷியேன்’ இருக்கும் பின்பாதியை மட்டும் போட்டுப் பாருங்கள். வேகம் குறைந்த இடத்தில்தான் ரிங்கரின் குரல் எத்தனை கட்டை தாண்டுகிறது என்று காதில் விழும். மேலே கீச்சென்று போய், அதே மூச்சில் தொண்டைக்கு அடியில் இறங்குவார். வேறு யாராவது செய்தால் கோமாளித்தனமாக இருக்கும். 1987இல் இது பிரான்ஸின் ‘விக்துவார் த லா மியூசிக்’ இசை விருதில் சிறந்த ஆல்பமானது.

இந்தப் பாட்டுகள் உருவானதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. 1987இல் வந்த, இயக்குநர் கோதாரின் ‘ஸ்வாஞ் தா துருவாத்’ படத்தில், இருவரும் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிற காட்சிகள் நடுநடுவே வரும். கதை புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம், கோதார் படம் அப்படித்தான். ஒரே துண்டை மறுபடி மறுபடி வாசித்துப் பார்க்கிற அந்தப் பொறுமையைப் பார்த்துவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பினால், ஷிஷான் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது தெரியும். இத்தனை வருடத்தில் அலுக்காமல் இருப்பதற்கு அந்தச் சிக்கனம்தான் முதல் காரணம்.

அடுத்து 1984இன் முதல் ஆல்பத்துக்கு வாருங்கள். ஜெர்மனியின் கொலோன் பக்கத்தில் தன் ஸ்டுடியோவில் கிராஃப்ட்வெர்க், நொய் போன்ற ஜெர்மன் குழுக்களைப் பதிவு செய்த கோனி பிளாங்கின் தயாரிப்பு. ‘மார்சியா பைலா’ இதில்தான் இருக்கிறது. 1985இல் பிரான்ஸ் முழுக்க ஆடிய பாட்டு. ஆனால் அது ஒரு இரங்கல் பாட்டு. மார்சியா மொரெட்டோ அர்ஜென்டினாவிலிருந்து வந்த நடனக் கலைஞர். ரிங்கர் அவரோடு ஆடியவர். மொரெட்டோ 1981இல் புற்றுநோயில் இறந்தார். அந்த நோயின் பெயரையே வரியில் வைத்து, கால் தாளம் போடுகிற மெட்டில் பாடியிருக்கிறார்கள். பிரெஞ்சு தெரியாமல் கேட்டால் கொண்டாட்டமாகத்தான் படும். வரிகளின் பொருளை ஒரே ஒருமுறை படித்துவிட்டுக் கேளுங்கள், அதற்குப் பிறகு பழையபடி கேட்க முடியாது.

இந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. வானொலிக்காக வெட்டிய பதிப்பும் புழக்கத்தில் உண்டு. ஆல்பத்தில் இருப்பது ஐந்தரை நிமிடத்தை ஒட்டியது, அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, போன் ஸ்பீக்கர். பாட்டைத் தாங்குவது பேஸ். அது போனில் வரவே வராது. மிச்சமிருப்பது சின்தசைசரின் சத்தம் மட்டும். சுமாரான இயர்போன் கூட இதற்குப் போதும்.

1988இன் ‘மார்க் எ ரொபேர்’ ஏற்ற இறக்கமான ஆல்பம். அமெரிக்க ஸ்பார்க்ஸ் இணையோடு சேர்ந்து செய்த ‘சிங்கிங் இன் த ஷவர்’ முதல் சில தடவை இனிக்கும், பிறகு சாயம் வெளுக்கும். நிற்பது ‘லெ பெட்டி ட்ரேன்’. குழந்தைகளுக்கான ரயில் பாட்டு போலத் தொடங்கும். அந்த ரயில் போகும் இடம் நாஜி வதைமுகாம். ரிங்கரின் அப்பா சாம் ரிங்கர் போலந்து யூத ஓவியர், முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர். மெட்டை ஒரு சொட்டுக் கூட சோகமாக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் அடி பலமாக விழுகிறது.

1990இன் ‘ரீ’ முழுக்க ரீமிக்ஸ். கேட்காவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் பாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ரீமிக்ஸ் பதிப்புகளும் கூடவே வந்து நிற்கும். ஆல்பத்தின் பெயரைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

1993இன் ‘சிஸ்டெம் டே’ நீளம் அதிகம். அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப் வந்து பாடியும் இழுவை போகவில்லை; ‘யா த்லா என்’ மட்டும் அடிக்கடி தேவைப்படும். நேராக 1996இன் ‘அகூஸ்டீக்’ போய்விடலாம். பழைய பாட்டுகளை மின்சாதன மினுக்கு இல்லாமல் நேரடியாக வாசித்த பதிவு. மெட்டு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. முதல் இரண்டு ஆல்பமும் மனப்பாடமான பிறகு கேட்டால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும். 2000இன் ‘கூல் ஃப்ரெனெஸி’யில் அந்தக் கால எலக்ட்ரானிக் வாசனை தூக்கல். யாரும் பேசாத 2002இன் ‘லா ஃபாம் ட்ராம்போன்’ அதைவிட நன்றாக நாள்பட்டிருக்கிறது.

2007இன் ‘வாரியேட்டி’ கடைசி ஸ்டுடியோ ஆல்பம். பிரெஞ்சு, ஆங்கிலம் என இரண்டு பதிப்பு. பிரெஞ்சையே எடுங்கள், ஆங்கிலத்தில் ரிங்கரின் நாக்கு விளையாட்டு பாதி காணாமல் போகிறது. 1984 பாட்டையும் 2007 பாட்டையும் ஒரே பட்டியலில் போடுவதானால், ஆப்பில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூமைத் தேட வேண்டியிருக்கும்.

அதே வருடம் நவம்பர் 28 அன்று ஷிஷான் புற்றுநோயில் இறந்தார், வயது 53. ரிங்கர் அடுத்த வருடம் தனியாக மேடையேறி இதே பாட்டுகளைப் பாடினார். பாரிஸின் லா சிகால் அரங்கில் பதிவானது தட்டாகவும் வந்தது. கிதார் பகுதிகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வாசிப்பில் பிழை இல்லை, ஆனால் இடைவெளி விடுகிற இடம் வேறு. 2011இன் ‘ரிங் அண்ட் ரோல்’ ரிங்கரின் தனி ஆல்பம். அதை இணையின் தொடர்ச்சியாக எதிர்பார்த்துப் போட்டால் ஏமாற்றம்தான். குரல் இன்னும் தளரவில்லை என்பதற்கு 2024 மார்ச் 8 அன்று, கருக்கலைப்பு உரிமை பிரான்ஸின் அரசியல் சாசனத்தில் சேர்ந்தபோது பாரிஸின் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்தில் வரியை மாற்றிப் பாடிய தேசிய கீதத்தைப் பாருங்கள். லாமூரூ இசைக்குழுவோடு செய்த 2004 கச்சேரிப் பதிவை மட்டும், காசு கொடுக்கும் முன் ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வயலின் கூட்டத்துக்கு நடுவே பேஸ் அமுங்கிவிடுவது எல்லோருக்கும் பிடிக்காது.