சென்னை–யாழ்ப்பாணம் ஏடிஆர் விமானம்: போகலாமா?

தாராளமாகப் போகலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. தான், சாலையில் திருச்சி போகும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு நம் ஆட்கள் கொழும்பு சுற்றித்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தையும் தாண்டிக் கிட்டத்தட்ட 300 கி.மீ. தெற்கே, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வேனிலோ பஸ்ஸிலோ ஏழெட்டு மணி நேரம் திரும்பவும் வடக்கே வர வேண்டும், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போனவர்களுக்குத்தான் இந்த நேர் விமானத்தின் அருமை தெரியும். 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்தது, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

நேரம் பற்றி ஒரு விஷயம். இணையத்தில் தூரக் கணக்குப் போடும் தளங்களில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று வரும். அது ஜெட் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. பலாலியின் ஓடுபாதை சிறியது என்பதால் இங்கே ஓடுவது ஏடிஆர் 72, காற்றாடி வைத்த விமானம், மணிக்கு 500 கி.மீ. சுமாரில்தான் பறக்கும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதை வரை உருண்டு போவதும் சேர்த்திதான், அதனால் ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள், போகும்போது வலது பக்கம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது, வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் கரை எல்லாம் வரிசையாக வரும், அப்புறம் கோடியக்கரை முடிந்து பாக் நீரிணை. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்துக்குள்ளேயே போவதால் கொஞ்சம் குலுக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

குறை என்றால் தரையில் கழியும் நேரம்தான். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும், பலாலியில் இறங்கியதும் குடிவரவு வரிசை, பிறகு யாழ் நகரத்துக்கு இன்னும் சுமார் 16 கி.மீ. விமானத்துக்குள் மேலே பெட்டி வைக்கும் இடமும் சின்னது, பெரிய கைப்பெட்டியைப் படிக்கட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள், மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், திருச்சி பக்கத்து ஆட்கள் இதற்காகச் சென்னை வர வேண்டாம். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் இண்டிகோ தொடங்கியது, அங்கிருந்து நேர்கோட்டில் 185 கி.மீ. கிட்டத்தான். அட்டவணை அடிக்கடி மாறுகிறது, விடுப்பு சொல்லும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.