ஃபேமிலிசர்ச்: அமெரிக்கச் சம்பந்தி வீட்டுப் பூட்டனைத் தேட

பாளையங்கோட்டைப் பிள்ளைகள் அமெரிக்காவில் சம்பந்தம் பண்ணுவது இப்போ சாதாரணம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து வம்சத்தையும் எழுதிவைக்க பழைய குடும்பப் பதிவேடுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச் இணையதளம் நல்ல தொடக்கம், காசு கிடையாது.

1880 சென்சஸில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்க. குடும்பத் தலைவருக்கு யார் என்ன முறை என்று முதன்முதலாக எழுதினது அதில்தான். 1850-இல் அடிமையல்லாத எல்லாருக்கும் பேர், வயசு, பிறந்த மாநிலம் உண்டு; உறவுமுறை கிடையாது. வீட்டில் இருக்கிற இளம்பெண்ணை மகள் என்று முடிவுகட்டாதீங்க, இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம். அடிமைகளுக்கு 1850, 1860-இல் தனி அட்டவணை. பெரும்பாலும் பேரே இருக்காது. 1840 வரை தலைவர் பேர் மட்டும், மற்றவங்க வெறும் தலைக்கணக்கு. 1890 ஏடுகள் 1921 தீவிபத்துக்குப் பிறகு அநேகமாக எதுவும் மிஞ்சலை. 1900-க்கும் 1880-க்கும் நடுவே 20 வருஷத்தைத் தாண்டணும்.

பேரை முழுசாக அடிக்காதீங்க. திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆன கதைதான் அங்கேயும்: காதில் விழுந்ததை எழுதியிருப்பாங்க. சந்தேகமான எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு, பிறந்த வருஷத்துக்கு முன்பின் ஐந்து வருஷம் விடுங்க. கிடைத்ததும் மூல ஏட்டின் படத்தைத் திறந்து பக்கத்து வீடுகளையும் வாசிங்க. மச்சினன் அங்கேதான் இருப்பான்.

குறை: பொது வம்சமரத்தை யாரும் திருத்தலாம். சில ஏட்டுப் படங்கள் ஃபேமிலிசர்ச் மையங்களில் மட்டுமே திறக்கும்.