பல்லைக் காட்டி ஏமாந்தோம்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும் எங்களுக்கென்று ஒரு பல் டாக்டர் இல்லை. பல்தானே, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிவிட்டோம். போன அக்டோபரில் ஏழு வயது மகள் பல்வலி என்று அழுதபோதுதான் தேட ஆரம்பித்தேன். கூப்பிட்ட இடத்தில் எல்லாம் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஒரு கிளினிக் மட்டும் மூன்றே நாளில் நேரம் கொடுத்தது. வரவேற்பில் இருந்த பெண் சரளமாக ஆங்கிலம் பேசினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் சறுக்கியதும் அங்கேதான்.

பேச்செல்லாம் ஆங்கிலம், கையெழுத்து வாங்கிய தாளெல்லாம் ஜெர்மன். ஆளுக்கு நான்கு தாள். "வழக்கமான படிவம்தான்" என்றார் அந்தப் பெண். நானும் மனைவியும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினோம். மகளுக்கு ஆடிக்கொண்டிருந்த பால்பல்தான் தொந்தரவு, ஒன்றுமில்லை. ஆனாலும் சொத்தை வராமலிருக்க நான்கு கடைவாய்ப் பற்களிலும் பூச்சு வைத்தார்கள். மனைவிக்கு இரண்டு சொத்தையை அடைத்தார்கள். எங்கள் இருவருக்கும் பல் சுத்தம் செய்தார்கள். அது இல்லாமல் எதுவும் தொடங்க முடியாது என்று சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து பில் வந்தது, கிளினிக்கிலிருந்து இல்லை, கேள்விப்படாத ஒரு வசூல் நிறுவனத்திலிருந்து. மொத்தம் 580 யூரோ. பூச்சுக்கு 140, அடைத்ததற்கு 190, சுத்தம் செய்ததற்கு 250. எங்களிடம் அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, எதற்குப் பில் என்று போன் செய்தால், "நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார் அதே பெண். இந்தத் தடவை ஜெர்மனில்.

அப்புறம்தான் அந்தத் தாள்களை ஒரு நண்பரை வைத்துப் படித்தேன். ஒன்று, எங்கள் விவரத்தை வசூல் நிறுவனத்துக்குக் கொடுக்கச் சம்மதம். இன்னொன்றுக்கு மேர்கோஸ்டன்ஃபெரைன்பாருங் என்று பெயர்: காப்பீடு தருகிற அடைப்புக்குப் பதிலாக விலை கூடியதைக் கேட்கிறேன், மிச்சத்தை நானே கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுப்பது. சிகிச்சைக்கு முன் எழுத்தில் வாங்கவேண்டும் என்பது சட்டம். வாங்கிவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பெரியவர்களின் பல் சுத்தம் பொதுவாகத் தனிச்செலவுதான், ஆனால் கட்டாயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை பல்லில் படியும் காரையை எடுப்பது அட்டையிலேயே வரும். அதை யாரும் சொல்லவில்லை.

மகளின் பூச்சு விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. 6 முதல் 17 வயதுவரை பின்கடைவாய்ப் பற்களுக்கு அது காப்பீட்டிலேயே உண்டு என்று காப்பீட்டுக்காரர்கள் போனில் சொன்னார்கள். கிளினிக்குக்குக் கடிதம் எழுதினேன். "கணக்கில் பிழை" என்று 140 யூரோவைத் திருப்பித் தந்தார்கள். மற்றது போனது போனதுதான்.

இதற்கு நடுவில் எனக்கு இரண்டு பல்லுக்கு கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் மூடி, போடவேண்டும், அவசரம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். என் பங்கு 1,460 யூரோ. கேப் என்றால் முதலில் ஹைல் உண்ட் கோஸ்டன்பிளான் என்ற செலவுத் திட்டம் காப்பீட்டுக்குப் போய் ஒப்புதல் வரவேண்டும். அந்த இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது. அதற்குள் வேறொரு டாக்டரிடம் போனேன். வயதான அம்மா, ஆங்கிலம் அரைகுறை, கதவில் 'ஆலே காஸன்', அதாவது எல்லாக் காப்பீடும் ஏற்கப்படும் என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பல்லில் பழைய அடைப்பை மாற்றினால் போதும், இன்னொன்றை ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

அவர்தான் போனஸ்ஹெஃப்ட் பற்றியும் கேட்டார். வருடா வருடம் பரிசோதனைக்குப் போய் முத்திரை வாங்கும் சின்னக் கையேடு. கேப் மாதிரி வேலைகளின் அடிப்படைச் செலவில் காப்பீடு 60 சதவீதம் தரும். ஐந்து வருடம் விடாமல் முத்திரை இருந்தால் 70, பத்து வருடம் என்றால் 75. என்னிடம் ஒரு முத்திரைகூட இல்லை. மூன்று வருடமாக டிசம்பருக்குத் தள்ளிப்போட்டதன் பலன்.

கிளினிக்கின் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். இந்த மாதிரி இடத்தில் மாட்டியவர்கள், கையெழுத்துப் போடுமுன் தாளை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். புது டாக்டரம்மாவிடம் நான் அப்படிக் கேட்டபோது, உறையில் போட்டே கொடுத்துவிட்டார்.