1,390 ரூபாய் எறும்பு கிட்: ஒரு கட்டெறும்பு ராணியோடு பதினொரு மாதம்

பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது பஞ்சைத்தான். திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். டெஸ்ட் டியூபும் பஞ்சும்தான் நாள் முழுக்க என் கையில் புழங்கும் சாமான்கள். ஆன்லைனில் எறும்பு வளர்ப்புச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் இந்தக் கிட்டை வாங்கினேன். விலை 1,390 ரூபாய், தபால் செலவு தனி. 16 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளத்தில் மூன்று கண்ணாடி டெஸ்ட் டியூப், ஒரு பொட்டலம் பஞ்சு, சிவப்புத் தாள், நுனி மழுங்கிய இடுக்கி, ஒரு டிராப்பர், கம்பிவலை மூடி போட்ட சின்ன அக்ரிலிக் பெட்டி, ஆறு அறை உள்ள அக்ரிலிக் கூடு, ஒரு விளக்கத் தாள். இவ்வளவும் உள்ளே இருந்தன.

ராணியை நாமேதான் பிடிக்க வேண்டும். போன மே கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை கொட்டியது. இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவிளக்கைச் சுற்றி ஈசலும் இறக்கை முளைத்த எறும்புகளும் கலந்து பறந்தன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே அளவு, இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன் இறக்கை பெரிசு, இடுப்பு நூல் மாதிரி, மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். எங்கள் அத்தை வாசலில் நின்றுகொண்டு, சின்ன வயசில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து சாப்பிட்ட கதையைச் சொன்னார். நான் தேடியது ஏற்கெனவே இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மதில் ஓரமாக ஓடும் பெரிய கறுப்பு எறும்பை. இணை சேர்ந்த ராணிதான் பெரும்பாலும் அப்படி ஓடும். முதுகு புடைத்திருக்கும், இறக்கை இருந்த இடத்தில் தழும்பு தெரியும். இரண்டு கிடைத்தன. இரண்டுமே கட்டெறும்பு ராணிகள்.

டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து ஒரு பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. ஏற்பாடு இவ்வளவுதான். உள்பக்கப் பஞ்சு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ராணி குடிப்பதும், அறைக்கு ஈரப்பதம் கிடைப்பதும் அதிலிருந்துதான். மூன்றாம் நாள் பார்த்தால் ராணி பக்கம் இருந்த பஞ்சு முகம் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. மிச்சப் பஞ்சில் ஒரு துண்டு கிள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. அரை மணி நேரம் கழித்தும் மிதந்தது. அது தண்ணீர் உறிஞ்சாத பஞ்சு. நுண்ணுயிர் லேப்களில் டியூப் வாயை அடைக்க வைத்திருப்பார்கள், அந்த வேலைக்கு அது நல்ல பஞ்சு. ஆனால் இங்கே தண்ணீரை அடைக்க வேண்டியது மருந்துக்கடையில் ரோலாகக் கிடைக்கும் சர்ஜிக்கல் பஞ்சு. அதைப் போட்டால் பத்து விநாடிக்குள் முழுகிவிடும். அன்றைக்கே புது டியூபில் சர்ஜிக்கல் பஞ்சு வைத்து இரண்டு ராணிகளையும் மாற்றினேன். கடைக்குப் படத்தோடு எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது, பொட்டலம் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, சரியான பஞ்சும் ஒரு டியூபும் காசு வாங்காமல் அனுப்பினார்கள். அதற்கு முழு மதிப்பெண் தருகிறேன். ஆனால் பஞ்சைப் பார்க்கத் தெரியாத ஒருவர் வீட்டில் அந்த ராணி ஒரு வாரம் தாங்கியிருக்காது.

இன்னொரு இழப்பு எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது. இரண்டாவது ராணியின் டியூபை, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று மாடி அறையில் வைத்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. தண்ணீருக்கும் பஞ்சுக்கும் நடுவே அரை அங்குலம் காற்று நின்றிருந்தது. பகலில் கூரை காய்ந்ததும் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியே தள்ளியிருக்கிறது. மறுநாள் காலை ராணி முட்டைகளோடு தண்ணீருக்குள் கிடந்தாள். விளக்கத் தாளில் ‘இருட்டான இடத்தில் வைக்கவும்’ என்று இருக்கிறதே தவிர, சூடு ஏறி இறங்காத இடம் என்று இல்லை. பஞ்சைத் தண்ணீரில் முட்டும்வரை தள்ளி, நடுவே காற்றே நிற்காமல் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வரி அச்சடித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

மிச்சமிருந்த ராணியைத் துணி பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். கிட்டிலேயே அதிகம் உதவியது ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த அந்தச் சிவப்புத் தாள்தான். எறும்புக்குச் சிவப்பு நிறம் ஏறக்குறையத் தெரியாது. டியூபைச் சுற்றித் தாளைப் போட்டுவிட்டால் அவளுக்கு அது இருட்டு, நமக்கு உள்ளே தெரியும். அப்படியும் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை. முதல் பிள்ளைகள் வெளிவரும்வரை கட்டெறும்பு ராணிக்குச் சாப்பாடே வேண்டாம். இனி பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கைத் தசைகளே உள்ளுக்குள் கரைந்து உணவாகின்றன. அதை வைத்துத்தான் முதல் பிள்ளைகளை வளர்க்கிறாள். ‘பட்டினி கிடக்குதேம்மா’ என்று என் மகள் தேன் வைக்க வந்தபோது தடுத்தது இதனால்தான். அந்த நேரத்தில் டியூபைத் திறப்பதும் ஆட்டுவதும்தான் கெடுதல். பயந்த ராணி தன் முட்டையையே தின்றுவிடுவாள்.

புது டியூபுக்கு மாற்றிய மறுநாள் மூன்று முட்டை. பத்தாம் நாள் எட்டு. இரண்டு வாரத்தில் புழு. நாலாவது வாரத் தொடக்கத்தில் புழுக்கள் நூல் சுற்றிக் கூண்டாகிவிட்டன. ஒவ்வொரு கூண்டும் பழுப்பேறிய புழுங்கலரிசி மாதிரி, ஒரு முனையில் மட்டும் பேனா நுனியால் வைத்தது போல் கறுப்புப் புள்ளி. புழுவாக இருந்த காலத்துக் கழிவெல்லாம் கூண்டு கட்டிய பிறகு ஒரேயடியாக வெளியேறி அங்கே ஒட்டியிருக்கும். ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். கட்டெறும்பு வாயில் கவ்விக்கொண்டு போவதாக நாம் பார்க்கும் பெரிய ‘முட்டை’ இந்தக் கூண்டுதான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. உண்மையான முட்டை ஒரு கசகசா அளவுதான்.

முப்பத்தாறாம் நாள் இரவு முதல் வேலைக்கார எறும்பு வந்தது. ராணியே கூண்டின் ஒரு முனையைக் கடித்துப் பிரித்து, உள்ளே மடங்கிக் கிடந்ததை வெளியே இழுத்தாள். வைக்கோல் நிறத்தில், கால் ஊன்றத் தெரியாமல், தெருவில் பார்க்கும் கட்டெறும்பில் பாதிகூட இல்லாத உருவம். முதல் ஈடு எப்போதும் சிறிசுதான், அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்து வளர்த்தது அவ்வளவுதானே வளரும். மூன்று நாளில் கறுத்துவிட்டது. பிறகு தேன் கலந்த தண்ணீரை ஒரு சொட்டு வைத்தேன். அது குடிக்கக் குடிக்க வயிறு புடைத்து, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே தேன் நிறம் கண்ணாடி போலத் தெரிந்தது. நேராக அம்மாவிடம் போய் வாயோடு வாய் வைத்துக் கொடுத்தது. ஐந்து வாரம் ஒன்றும் சாப்பிடாதவள் அசையாமல் நின்று குடித்தாள். நானும் மகளும் டார்ச்சை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சதை உணவுக்குக் கொசு பேட்டில் அடித்த கொசு போதும், ஈயின் கால் இன்னும் பிடிக்கும். கொசுவிரட்டித் திரவம் ஓடும் அறையில் மட்டும் டியூபை வைக்காதீர்கள். அந்த மருந்து கொசுவோடு நிற்காது.

தேன் வைத்த மூன்றாம் நாள் சுவரில் சின்னச் சிவப்பெறும்பு வரிசை பீரோவை நோக்கி வந்துவிட்டது. கிட்டில் இதற்கு எந்த வழியும் இல்லை. நான் பதறுவதைப் பார்த்து அத்தை, ‘சர்க்கரை டப்பாவுக்கு என்னம்மா பண்ணுவோம்? தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல வை’ என்றார். தாம்பாளத்தில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், மேலே டியூப். பத்து மாதமாக ஒரு எறும்பும் தாண்டவில்லை.

கம்பிவலைப் பெட்டி நன்றாகச் செய்திருக்கிறார்கள். மூடி இறுக்கமாக உட்காருகிறது, டியூபைச் செருகும் துளை சரியான அளவு. ஓரத்தில் ஏறாமலிருக்க டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசச் சொல்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் வரை பிரமாதமாக நின்றது. ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரத்தில் பவுடர் உதிர்ந்து நாலு எறும்பு வெளியே போய்விட்டது. லிக்விட் பாரஃபினைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினேன், அது நிற்கிறது.

ஆறு அறைக் கூட்டைத்தான் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ‘பத்து எறும்பு வந்ததும் மாற்றவும்’ என்ற பேச்சைக் கேட்டுப் பதினாலு எறும்பு இருந்தபோது மாற்றினேன். ஒரே அறையில் எல்லோரும் ஒடுங்கிக்கொண்டு, மற்ற அறைகளில் கொசு ஓட்டையும் காலிக் கூண்டையும் குவித்தார்கள். மூலையில் பூஞ்சை பிடித்தது. ஒரு வாரத்தில் தாங்களாகவே கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு டியூபுக்குத் திரும்பிவிட்டார்கள். முப்பது, நாற்பது எறும்பு சேரும்வரை டியூபே போதும்.

அதே கடையில் ராணியையும் சேர்த்து விற்கிறார்கள், வெளிநாட்டு இனங்கள்கூட. தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு ஊர் எறும்பு இன்னொரு ஊரில் தப்பினால் திரும்பப் பிடிக்க வழியில்லை. கென்யாவில் 2025-ல் சுமார் 5,000 ராணி எறும்புகளைக் கடத்த முயன்றதாக இரண்டு பெல்ஜியம் இளைஞர்களுக்கு அபராதம் போட்டார்கள். அவற்றை அடைத்து வைத்திருந்ததும் இதே மாதிரி டியூபிலும் பஞ்சிலும்தான். அத்தனை புற்று அந்த மண்ணில் உருவாகாமல் போயிருக்கும். நம் தெருவிளக்குக் கீழே ஓடுகிற ஒன்று போதும்.

எறும்பு வளர்க்க என்று விற்கும், நீல ஜெல் நிரப்பிய பெட்டியும் வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு மகளுக்கு ஒன்று வாங்கினேன். அதில் ராணி கிடையாது, வேலைக்கார எறும்புகளை மட்டும் பிடித்துப் போடச் சொல்வார்கள். ஐந்து வாரத்தில் எல்லாம் செத்துப்போய் அவள் அழுதாள்.

இப்போது உள்ளே அறுபதுக்கு மேல் இருக்கிறார்கள், போன மாதம் பெரிய தலையோடு முதல் பெரிய எறும்பும் வந்தது. ராணி பிடித்த அன்று போலவே இருக்கிறாள். லேசியஸ் நைகர் என்ற கறுப்புத் தோட்டத்து எறும்பின் ராணி வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பதிவு இருக்கிறது, அதனால் இவளை நீண்ட நாளுக்கு என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இதே கடையில் கூடு இல்லாத சின்னக் கிட் 640 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டியூப், பெட்டி, சிவப்புத் தாள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதை வாங்குங்கள். வந்ததும் பஞ்சில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் மருந்துக்கடைக்குப் போய் ஒரு ரோல் சர்ஜிக்கல் பஞ்சு வாங்கிவிட்டு, பிறகு மழைக்குக் காத்திருங்கள்.