மூன்று வருடம், ஒரு மரக்கப்பல், முந்நூற்றுச் சொச்சம் ஆணி

தொண்டியில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். நான் கட்டிய அதே மரக்கப்பல் கிட், அதாவது வெட்டி வரும் பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் சின்ன மாதிரிக் கப்பல், இப்போது விலை குறைந்து வந்திருக்கிறதாம். மகனுக்குப் பள்ளி லீவு, வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டார். அந்த நேரத்தில் என் கையில் குறடு இருந்தது. கப்பலின் இடது பக்கத்தில் நாற்பத்து மூன்றாவது ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "வாங்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருடம் கூடவே இருந்த ஒரு பொருளைப் பற்றி ஒரு வார்த்தையில் பேசியது சரியில்லை என்று ராத்திரி படுக்கும்போது தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

கப்பலின் பெயர் புளூநோஸ். கனடாவில் லூனன்பர்க் என்ற துறைமுகத்தில் 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கியது. 143 அடி நீளம், இரண்டு பாய்மரம். காட் மீன் பிடித்து உப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்த கப்பல். அதே கப்பல் பந்தயத்திலும் ஓடி ஜெயித்ததால் அந்த நாட்டுப் பத்து சென்ட் காசில் 1937 முதல் ஒரு பாய்க்கப்பல் படம் இருக்கிறது. 1946இல் ஹெய்ட்டி பக்கம் பாறைத்திட்டில் மோதிப் போய்விட்டது. கிட் விற்பவர்களிடம் பீரங்கி வைத்த போர்க்கப்பல்கள்தான் நிறைய இருக்கின்றன. பாம்பனில் பிறந்து, வலையும் கயிறும் மிதவையும் விற்றுப் பிழைக்கிற எனக்கு மீன் பிடித்த கப்பல்தான் வேண்டும் என்று இருந்தது.

2022 தடைக்காலத்தில் ஆரம்பித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மதியத்துக்கு மேல் கடைக்கு ஆள் வருவது குறைவு. மேசையில் சாமானைப் பரப்பினேன். நடுவில் ஒரு ஒட்டுப்பலகை, அதில் குறுக்கே சொருகும் சட்டங்கள், எல்லாம் லேசரில் வெட்டியவை. ஒன்றுகூட அரம் கேட்கவில்லை. சொருகினால் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு முறை கழற்றி மாட்டினேன்.

என் அம்மாவின் அண்ணன் ஓடாவி, மரப்படகு கட்டும் தச்சர். இந்தக் கரையில் எத்தனையோ வள்ளங்கள் அவர் உளிபட்டு இறங்கியவை. ஃபைபர் படகு வந்த பிறகு வேலை குறைந்து, இப்போது கண்ணும் மங்கிவிட்டது. மாமா வந்து எலும்புக்கூட்டைத் தடவிப் பார்த்தார். நடுப்பலகையைத் தொட்டு "இது ஏரா" என்றார். குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி "இது வங்கு. ஆனா எல்லாம் ஒட்டுப்பலகைல வெட்டினது. நாங்க வளைஞ்ச கருவேலங் கிளையாப் பாத்து எடுப்போம்" என்றார். மரத்திலேயே வளைவு இருந்தால் நரம்பு அறுபடாது, வங்கு உடையாது. அவர் காகிதத்தில் வரைந்து நான் பார்த்ததே இல்லை. கோடு கிழித்த ஒரு சின்னப் பலகை வைத்திருப்பார், அதுதான் அவருடைய வரைபடம். கிட்டில் வந்த வரைபடமோ கட்டில் அகலம். அதை விரித்து வைத்து அவருக்கு விளக்கியபோது, "எல்லாம் எழுதி வச்சிருக்கானே" என்று சந்தோஷப்பட்டார்.

பலகை ஏற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கிட்டில் நான் அனுபவித்தது அதைத்தான். பலகைகள் எல்லாம் ஒரே அகலத்தில், 5 மில்லிமீட்டரில் வருகின்றன. கப்பலோ நடுவில் பெருத்து, முன்முனையான அணியத்தில் ஒடுங்கும். நடுவில் இருபது பலகை பிடித்தால் அணியத்திலும் அதே இருபதுதான் வந்து முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முன்னால் போகப் போக இழைத்து ஒடுக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் ஒரு காகித நாடாவைச் சுற்றி, அதன் நீளத்தை இருபதாக வகுத்து, அந்த அளவைப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கினால் நுனி பிளந்துவிடும். அப்படி வந்தால் ஒரு பலகையை இடையிலேயே முடித்து, பக்கத்துப் பலகையை அதன் இடத்துக்கு விட வேண்டும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாப் பலகையும் அணியத்துல ஒண்ணா வந்து சேரணும் மாப்ள, ஒண்ணு முந்தப்படாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நிஜப் பலகையை ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து மறு பக்கம் தீ காட்டி, கல்லைத் தொங்கவிட்டு வளைத்தவர். நான் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து வளைத்தேன். வேலை ஒன்றுதான். இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் அவர் வந்தார். இந்தக் கிட் வாங்கியிருக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் எனக்குக் கிடைத்திருக்காது.

இரண்டு அடுக்குப் பலகை. உள் அடுக்கு வெளுத்த மெத்து மரம், ஒன்றரை மில்லி கனம். அதைப் பசை போட்டு ஆணி அடித்து நிறுத்தி, தேய்த்து வழுவழுப்பாக்கி, மேலே அரை மில்லி வால்நட் ஒட்ட வேண்டும். வால்நட் மரத்தின் நிறத்தைப் பார்த்த பிறகு அதற்குப் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. நிஜமான புளூநோஸ் கறுப்பு. நான் வார்னிஷ் மட்டும் அடித்தேன்.

மற்ற சாமான்களும் குறை சொல்ல முடியாதவை. கப்பிகள் மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒவ்வொன்றிலும் ஓட்டை நேராக இருந்தது. தளத்தில் வைக்கும் சின்னப் படகுகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. நிஜக் கப்பலில் அந்தப் படகுகளின் உட்கார்பலகையைக் கழற்றிவிட்டு, சட்டிகளை அடுக்குவது மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பார்கள். மீன் இருக்கும் இடம் வந்ததும் இறக்கி, படகுக்கு இரண்டு பேராகப் போய்த் தூண்டில் போடுவார்கள். கிட்டிலும் அதே மாதிரி அடுக்க முடிகிறது. மாமா அவற்றை எடுத்து எடுத்து அடுக்கினார். 2023 பொங்கலுக்குக் கப்பல் முடிந்து, கூடத்தில் அலமாரி மேல் ஏறியது.

அந்த வருடம் கார்த்திகையில், வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், தூசி துடைக்கும்போது வால்நட் மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கடுகளவு. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், வார்னிஷுக்கு அடியில் இருந்தது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரே வரிசையில், சம இடைவெளியில் பதினோரு புள்ளி. சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே. ஆணி எங்கே அடித்தேனோ அங்கே.

கிட்டில் 'பித்தளை ஆணி' என்று எழுதியிருந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று கடையில் கிடந்தது. மிச்சமிருந்த ஆணிப் பொட்டலத்தின் மேல் அதைப் பிடித்தேன். அத்தனையும் எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இரும்புக் கம்பிக்குப் பித்தளை முலாம் பூசியிருக்கிறார்கள். உள் அடுக்கைத் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொன்னதும் அவர்கள்தான். தேய்க்கும்போது ஆணித் தலையில் இருந்த முலாம் பலகையோடு சேர்ந்து போய்விட்டது. அதன் மேல் வால்நட் ஒட்டினேன். வால்நட் மரத்தில் துவர்ப்பு உண்டு. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புதான் வரும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டு அந்தக் காலத்தில் கறுப்புச் சாயம் எடுத்தது இப்படித்தான். என் கப்பலின் இரண்டு பக்கமும் முந்நூற்று நாற்பது சாயத் தொட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

பாம்பனில் துரு என்பது சின்ன விஷயம் இல்லை. ஜன்னல் கம்பி, ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம், அடுப்பு ஸ்டாண்ட், எதையும் விடாது. நூறு வருடத்துக்கு மேல் நின்ற 1914ஆம் வருடத்துப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள், விசேஷப் பூச்சு பூசியிருக்கிறார்கள். எல்லாம் இந்தக் காற்றுக்காக. மாமாவிடம் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினேன். கட்டைவிரலை வைத்துத் தடவியவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, "இரும்பா அடிச்ச?" என்று கேட்டார். செம்பு ஆணிக்குக் காசில்லாமல் ஒருவர் இரும்பு ஆணி வாங்கி வந்தபோது, வள்ளத்தைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பியவர் அவர். கூலியை விட்டாலும் விடுவார், ஆணியில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கம்பெனிக்குப் படத்தோடு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. கூடவே ஒரு பொட்டலம் ஆணியை இலவசமாக அனுப்பினார்கள். காந்தத்தைப் பிடித்தேன். ஒட்டியது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. இவ்வளவு நல்ல மரத்தைத் தேடி எடுத்து, கப்பி ஓட்டையைக்கூட நேராகப் போட்டு, கட்டில் அகலத்துக்கு வரைபடம் வரைந்து தந்தவர்கள், சில ரூபாய் மிச்சம் பிடிக்க ஆணியில் கையை வைத்திருக்கிறார்கள். அது வெளியே தெரியாத இடம், அதனால்தான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இதே கிட்டை மதுரையிலோ கோயம்புத்தூரிலோ உப்புக் காற்று இல்லாத வீட்டில் வைத்திருந்தால் இந்தப் புள்ளிகள் வராமலே போயிருக்கலாம். கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் வந்ததும் தெரிந்திருக்காது. மாமாவே, "கறுப்பை அடிச்சு விட்ரு மாப்ள, அசல் கப்பலே கறுப்புதானே" என்றார். நானும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அடியில் துரு வளரும், என்றாவது ஒரு நாள் பலகையைத் தூக்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டு மேலே பூச எனக்கு முடியவில்லை.

போன மாதம் வேலையைத் தொடங்கினேன். ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் வெள்ளைப் பசை இளகுகிறது. கத்தி நுனியை விட்டு வால்நட் பட்டையை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். பத்துக்கு ஏழு முழுசாக வருகிறது. அடியில் ஆணித் தலையைக் குறடு முனையால் பிடித்து இழுத்தால் சில வருகின்றன, சிலவற்றின் தலை மட்டும் கையோடு வந்துவிடுகிறது. சுற்றிலும் மரம் தேயிலைத் தூள் மாதிரி கறுத்துப்போய் உதிர்கிறது. அதை மெல்லிய துளைக்கருவியால் குடைந்து எடுத்து, மூங்கில் குச்சியைச் சீவி, பத்தர் கம்பி இழுக்கும் துளைத்தகட்டில் இழுத்து மெலியவைத்து, பசை தொட்டு அடைக்கிறேன். கறை படிந்த பட்டைகளை ஆக்சாலிக் ஆசிட் கரைத்துத் தேய்த்தால் கறுப்பு வெளுக்கிறது. கையுறை கட்டாயம் போட வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆணி தேவைப்படும் இடத்தில் பழைய ஃபேன் மோட்டாரில் எடுத்த செம்புக் கம்பியை வெட்டி வைக்கிறேன். மாமாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, "ம்" என்றார்.

நண்பருக்குப் பதில். மரம் அருமை. வரைபடம் அருமை. ஐந்து மாடல் கிட் பார்த்திருக்கிறேன், இந்த அளவுக்குச் சட்டம் உட்கார்ந்தது வேறு எதிலும் இல்லை. என் வீட்டில் நான் தினமும் நின்று பார்க்கிற பொருள் இது ஒன்றுதான். ஆனால் போனில் சொன்ன பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. வாங்காதீங்க. தொண்டியும் கடற்கரைதான். வேறு கம்பெனி கிட் வாங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் முதலில் ஆணிப் பொட்டலத்தின் மேல் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டினால் ஒன்றுகூட அடிக்காதீர்கள்.

தம்பிக்கு மரவேலை பழக ஆசை என்றால் லீவு முடிவதற்குள் பாம்பனுக்கு அனுப்பி வையுங்கள். கப்பலின் வலது பக்கத்தை நான் இன்னும் தொடவில்லை. மாமா சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவார்.